ஐந்து மைக்ரான் பூச்சு: வீட்டில் செய்யும் சர்க்யூட் போர்டில் திரவ போட்டோரெசிஸ்ட் ஏன் பாடாய்ப் படுத்துகிறது

செம்புத் தகடு ஒட்டி வரும் வழக்கமான காப்பர் கிளாட் போர்டில் செம்பின் தடிமன் 35 மைக்ரான். எட்சிங் கரைசலில் போடும்போது அந்தச் செம்பில் எது மிஞ்ச வேண்டும், எது கரைந்துபோக வேண்டும் என்று முடிவு செய்வது மேலே இருக்கும் போட்டோரெசிஸ்ட் பூச்சு. அது ஐந்து மைக்ரான் இருந்தாலே போதும். ஓட்டை இல்லாத ஐந்து மைக்ரான் பூச்சைத் தாண்டி, செம்பைக் கரைக்கும் எட்சிங் கரைசலான ஃபெர்ரிக் குளோரைடு உள்ளே போகாது. ஆனால் அந்தப் பூச்சு போர்டின் ஒரு மூலையில் மூன்றாகவும் மறு மூலையில் பன்னிரண்டாகவும் படிந்துவிடும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது.

வேலையின் வரிசை இது: ஒளி பட்டால் மாறும் ரெசிஸ்டைப் பூசிக் காயவைத்து, சர்க்யூட் படம் அச்சிட்ட ஃபிலிமை (மாஸ்க்) மேலே வைத்து யுவி ஒளி காட்டி (எக்ஸ்போஷர்), டெவலப்பர் என்ற கரைசலில் வேண்டாத பூச்சைக் கழுவி எடுத்து, பிறகு எட்சிங். முதல் முயற்சி சொதப்பியதும் பெரும்பாலானவர்கள் சந்தேகப்படுவது யுவி விளக்கை. நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள், குறைத்துப் பார்ப்பார்கள். அப்புறம் டெவலப்பரை மாற்றுவார்கள். பல நேரம் இரண்டிலும் கோளாறு இருக்காது. தப்பு அதற்கு அரை மணி நேரம் முன்பே, பூச்சு ஈரமாக இருந்தபோதே நடந்து முடிந்திருக்கும். பூசுவது ஒரு வேலை, காயவைப்பது வேறு வேலை என்று பிரித்துப் பார்ப்பதால் இது கண்ணில் படுவதில்லை. ஈரப் பூச்சிலிருந்து கரைப்பான் எப்படி வெளியேறுகிறதோ அப்படித்தான் பூச்சு அமையும். ஆகவே இரண்டும் ஒரே வேலை. திரவ ரெசிஸ்டில் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒளி பட்டால் கரையும் தன்மை மாறுகிற ஒரு பொருளைத் தகட்டில் பூசி, திறந்த இடத்தை மட்டும் அமிலத்துக்குக் கொடுக்கும் யோசனை எலக்ட்ரானிக்ஸைவிட ரொம்ப மூத்தது. 1820களில் பிரான்சில் நிசெஃபோர் நியெப்ஸ் ஒருவகை இயற்கை நிலக்கீலைக் கரைத்து உலோகத் தகட்டில் பூசினார். வெளிச்சம் பட்ட இடம் இறுகியது; படாத இடத்தை லாவண்டர் எண்ணெயால் கழுவி எடுத்தார். இன்றைய பேச்சில் அது ஒரு நெகட்டிவ் ரெசிஸ்ட். பிறகு நெடுங்காலம் அச்சுத் தொழில் பைக்ரோமேட் கலந்த ஜெலட்டின், முட்டை வெண்கரு, மீன் பசை ஆகியவற்றை நம்பி ஓடியது. பழைய செய்முறை நூல்களில் அந்தக் கலவை இன்னும் தென்படும். அதில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் இன்று வீட்டில் அதைத் தொட ஒரு காரணமும் இல்லை.

1950களில் கோடாக் நிறுவனத்தில் லூயிஸ் மின்ஸ்க் குழுவினர் உருவாக்கிய பாலிவினைல் சின்னமேட் ரெசிஸ்ட், கேபிஆர் என்ற பெயரில் சர்க்யூட் போர்டு தொழிலுக்குள் வந்தது. இன்னொரு பக்கம் ஜெர்மனியின் காலே நிறுவனம் அச்சுத் தகடுகளுக்காக டயசோநாப்தோகுவினோன் என்ற சேர்மத்தைக் கையில் எடுத்தது. சுருக்கமாக டிஎன்கியூ. வீட்டில் பயன்படும் பாசிட்டிவ் ஸ்பிரேக்கள், அதாவது ஒளி பட்ட இடம் கரைந்துபோகும் வகை, எல்லாம் இந்தக் குடும்பத்தின் வாரிசுகள். 1960களின் இறுதியில் டூபான்ட் நிறுவனம் ரிஸ்டன் என்ற ட்ரை ஃபிலிமை, அதாவது காய்ந்த தாளாகவே வரும் ரெசிஸ்டை, கொண்டுவந்ததும் போர்டு தொழிற்சாலைகள் பெருமளவு அதன் பக்கம் சாய்ந்தன. காரணம் எளிது. ட்ரை ஃபிலிமில் பூச்சைச் சமமாகப் படியவைத்துக் காயவைக்கும் பொறுப்பு ஃபிலிம் தயாரிப்பவருடையது; வாங்குபவர் சூடான ரோலரில் கொடுத்து ஒட்டினால் போதும். திரவ ரெசிஸ்டை எடுத்துக்கொள்கிறவர் அந்தப் பொறுப்பைத் தன் தலையில் தானே ஏற்றிக்கொள்கிறார். ஆனாலும் தொழிற்சாலைகள் திரவத்தை முழுக்கக் கைவிடவில்லை. பல அடுக்கு போர்டுகளின் உள் அடுக்குகளுக்கு ரோலரால் மெல்லிய திரவப் பூச்சு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. பூச்சு மெல்லியதாக இருந்தால் கோடுகளும் நுணுக்கமாக வரும் என்பதே காரணம்.

ஒளி என்ன செய்கிறது

பாசிட்டிவ் ரெசிஸ்டில் இரண்டு முக்கியச் சரக்குகள் உண்டு. ஒன்று நோவலாக் என்ற ஃபீனால் வகைப் பிசின், இன்னொன்று டிஎன்கியூ. நோவலாக் தனியாக இருந்தால் காரக் கரைசலில் மெதுவாகக் கரையும். பாடப்புத்தகங்கள் சொல்லும் தோராய அளவு, நொடிக்கு 15 நானோமீட்டர். டிஎன்கியூ கலந்ததும் அது ஒன்றிரண்டு நானோமீட்டருக்கு இறங்கிவிடும். யுவி பட்டால் டிஎன்கியூ நைட்ரஜனை வெளிவிட்டு, இடையில் கீட்டீன் என்ற நிலைக்குப் போய், அங்கே ஒரு தண்ணீர் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு அமிலமாக மாறுகிறது. அதுவரை கரைவதைத் தடுத்துக்கொண்டிருந்த அதே பொருள் இப்போது கரைவதற்குத் துணைபோகிறது. வேகம் நொடிக்கு 100 நானோமீட்டருக்கு மேல் ஏறுகிறது. ஒளி பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் நூறு மடங்கு வித்தியாசம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் வரும் அந்தத் தண்ணீர் மூலக்கூறை மறக்கக் கூடாது. பூச்சை ஈரப்பதமே இல்லாமல் வறட்டிவிட்டால் கீட்டீன் பக்கத்தில் இருக்கும் பிசினோடு இணைந்துகொள்ளும், அமிலம் உருவாகாது, எவ்வளவு ஒளி கொடுத்தாலும் அந்த இடம் சரியாகக் கரையாது. ஓவனிலிருந்து எடுத்த போர்டைச் சூட்டோடு யுவிப் பெட்டிக்குள் தள்ளாமல் கொஞ்ச நேரம் காற்றில் ஆறவிடச் சொல்வது இதனால்தான்.

நெகட்டிவ் ரெசிஸ்ட் நேரெதிர். அக்ரிலேட் வகைச் சேர்மங்கள் ஒளி பட்டதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகும். அவற்றின் பகை ஆக்சிஜன். காற்றுப் படும் மேற்பரப்பில் ஆக்சிஜன் அந்த வினையைப் பாதியிலேயே நிறுத்திவிடும். மேலே பிசுபிசுப்பாகவே நிற்கும். ட்ரை ஃபிலிமின் மேல் ஒரு பாலியெஸ்டர் தாள் ஒட்டியே வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு குடும்பங்களின் டெவலப்பரும் வேறு வேறு. பாசிட்டிவ் ஸ்பிரேவுக்கு காஸ்டிக் சோடா, லிட்டருக்கு 7 கிராம். அக்ரிலேட் வகை நெகட்டிவுக்கு சோடியம் கார்பனேட், அதாவது வாஷிங் சோடா, லிட்டருக்கு 10 கிராம் அளவில். மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? வாஷிங் சோடாவில் பாசிட்டிவ் பூச்சு எதுவும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும். வலுவான காஸ்டிக் சோடாவில் நெகட்டிவ் பூச்சு இறுகிய பகுதியோடு சேர்த்து உரிந்து வந்துவிடும். எட்சிங் முடிந்தபின் அதை உரிக்கப் பயன்படுத்துவதே அந்தக் கரைசல்தான். "ரெசிஸ்ட் போலி" என்ற புலம்பல்களில் கணிசமானவை இந்த ஒரே குழப்பத்தில் பிறந்தவை என்பது என் சந்தேகம்.

எவ்வளவு சமமாக இருந்தால் போதும்?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒளி முழுதாகப் பட்ட 5 மைக்ரான் பூச்சு, நொடிக்கு 100 நானோமீட்டர் வேகத்தில் 50 நொடியில் கரைந்துவிடும். அதே நேரத்தில் ஒளி படாத இடம் இழப்பது அதிகம் போனால் 0.1 மைக்ரான். பூச்சு 12 மைக்ரான் இருக்கும் மூலைக்கு 120 நொடி வேண்டும். அப்போதும் மெல்லிய மூலையின் இழப்பு கால் மைக்ரானைத் தாண்டாது. இதை மட்டும் பார்த்தால் சமமில்லாத பூச்சு பெரிய குற்றமே இல்லை.

கணக்கு உடைவது எக்ஸ்போஷரில். 12 மைக்ரான் பூச்சின் அடிவரை ஒளி இறங்க, 5 மைக்ரானுக்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும். டிஎன்கியூ ஒளி பட்டதும் நிறம் வெளுத்து அடுத்த அடுக்குக்கு வழிவிடுவதால்தான் அடிவரை போகவாவது முடிகிறது. தடித்த இடத்துக்குத் தகுந்த நேரத்தை வைத்தால் மெல்லிய இடத்துக்கு அது மூன்று, நான்கு மடங்கு ஒளி. வீட்டு பிரின்டரில் எடுத்த மாஸ்க்கின் கறுப்பு முழுக் கறுப்பும் இல்லை. ஒளி அடர்த்தி 2 என்று அளக்கப்படும் கறுப்புகூட நூறில் ஒரு பங்கு ஒளியைக் கசியவிடும். லேசர் பிரின்டில் ஊசிமுனை அளவு வெளுத்த புள்ளிகளும் சேர்ந்துகொள்ளும். ஆக, மெல்லிய மூலையில் கோடுகளின் ஓரம் தேய ஆரம்பிக்கிறது. இதற்குப் பயந்து நேரத்தைக் குறைத்தால் தடித்த மூலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் செம்பின் மேல் மிஞ்சுகிறது. அதைக் கரைக்க காஸ்டிக் சோடாவைக் கூட்டினால் அந்த நூறு மடங்கு வித்தியாசம் சரிந்துவிடும். காரம் ஏற ஏற, ஒளி படாத பூச்சும் வேகமாகக் கரையத் தொடங்கும். இப்படி ஒரு மூலையைக் காப்பாற்றப் போய் மறு மூலையை இழப்பதுதான் இந்த வேலையின் வழக்கமான கதை.

என் கணிப்பில், மிக மெல்லிய இடத்துக்கும் மிகத் தடித்த இடத்துக்கும் இரண்டு மடங்குக்குள் வித்தியாசம் இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். நாலு மடங்கு என்றால் எந்த எக்ஸ்போஷர் நேர அட்டவணையும் காப்பாற்றாது.

செம்பு தயாராக இருக்கிறதா

சுத்தம் செய்வது பற்றி எல்லோரும் சொல்வார்கள், ஆனால் எது வரை என்று சொல்வது குறைவு. அதற்கு ஒரு நேரடிச் சோதனை இருக்கிறது. மெல்லிய தேய்ப்பானால் தண்ணீர் விட்டுத் தேய்த்த போர்டைக் கழுவிச் சாய்த்துப் பிடித்தால், தண்ணீர் ஒரே படலமாக விளிம்புவரை நிற்க வேண்டும். எங்காவது படலம் கிழிந்து துளித்துளியாகப் பின்வாங்கினால் அங்கே எண்ணெய்ப் பசை இருக்கிறது. தண்ணீர் ஒட்டாத இடத்தில் ரெசிஸ்டும் சமமாகப் பரவாது. வட்டக் குழியாக விலகிக்கொண்டு நடுவில் செம்பைக் காட்டும். சிலிக்கோன் கலந்த ஸ்பிரேக்கள், கைக் கிரீம் போன்றவை இதில் மோசமானவை. எவ்வளவு குறைவாகப் பட்டிருந்தாலும் வேலையைக் காட்டும். ரெசிஸ்ட் பூசும் மேஜைக்குப் பக்கத்தில் அவை இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

தேய்ப்பது பளபளப்புக்காக இல்லை. மெல்லிய கீறல்களில்தான் பூச்சு பிடித்துக்கொள்கிறது. அதற்காகக் கரடுமுரடான உப்புத்தாளைப் போட்டால் பள்ளங்களே பூச்சின் தடிமனுக்கு வந்துவிடும். கீறலின் மேட்டில் பூச்சு இல்லாமல் போகும். கழுவிய போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, சூடு காட்டி ஈரத்தைப் போக்கி, ஆறியதும் உடனே பூசிவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால் செம்பு மறுபடி ஆக்ஸைடு கட்டத் தொடங்கிவிடும்.

பூசும் முறைகள்

பிரஷ் வேண்டாம். அதன் மயிர்த்தடங்களே நாலு மடங்கு வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும்.

ஸ்பிரே பரவலானது, தொடங்குவதற்கு எளியது. போர்டைத் தட்டையாக வைத்து, ஒரு சாண் தூரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடித்து, இடவலமாக வளைந்து வளைந்து ஒரே சீராகப் போக வேண்டும். ஒவ்வொரு வரிசையும் போர்டுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியட்டும். பட்டனை அழுத்தும் நொடியில் தெறிக்கும் பெரிய துளிகள் போர்டில் விழக் கூடாது. தூரம் அதிகமானால் துளிகள் வழியிலேயே காய்ந்து மணல்போல் வந்து உட்காரும், ஒன்றோடொன்று கலக்காது. ரொம்பக் கிட்டத்தில் பிடித்தால் தள்ளும் வாயுவின் காற்றே ஈரப் பூச்சை அலையலையாகத் தள்ளும். மெல்லியதாக மூன்று முறை அடிப்பது பாதுகாப்பு என்று பலரும் நம்புகிறார்கள். பெயின்ட்டுக்கு அது சரி. இங்கே இரண்டாவது பூச்சின் கரைப்பான் முதல் பூச்சை மறுபடி கரைத்து இடத்துக்கு இடம் வேறு விதமாக இளக்கிவிடும். ஒன்றோடொன்று கலந்து தானே மட்டமாகிக்கொள்ளும் அளவுக்கு ஈரமான ஒரே பூச்சுதான் நல்லது. சாயம் கலந்த ரெசிஸ்டில் நிறத்தின் ஆழமே தடிமனைச் சொல்லிவிடும்: வெளிர் நீலம் மெல்லியது, கருநீலம் தடித்தது. ஒரு பக்கம் வெளுத்தும் மறு பக்கம் கறுத்தும் தெரிந்தால் தொடர வேண்டியதில்லை. அசிட்டோனில் துடைத்துவிட்டு மறுபடி பூசினால் நேரம் மிச்சம்.

சுழற்சி முறையில், சுற்றும் மேடையில் போர்டை ஒட்டி நடுவில் ரெசிஸ்டை ஊற்றினால் மையவிலக்கு விசை அதைப் பரப்பும். தடிமன் சுழலும் வேகத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதம். வேகத்தை இரட்டித்தால் தடிமன் சுமார் 70 சதவீதமாகும். சிப் தயாரிப்பில் ராஜாவாக இருக்கும் இந்த முறை சதுர போர்டில் கொஞ்சம் திணறும். மூலைகளில் திரவம் தேங்கி மேடு கட்டும். ஊற்றியதில் பெரும்பகுதி வெளியே சிதறிப்போகும். சிறிய போர்டுக்குச் சரி. பெரிய போர்டை வேகமாகச் சுற்றவிட்டு அது பிடி நழுவிப் பறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

எனக்குப் பிடித்தது முக்கி எடுக்கும் முறை. ரெசிஸ்ட் நிறைந்த குறுகலான பாத்திரத்தில் போர்டைச் செங்குத்தாக இறக்கி, மெதுவாக, ஒரே வேகத்தில் மேலே இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் மெல்லியதாகவும் வேகமாக இழுத்தால் தடித்தும் வரும். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். மெதுவாகப் போகும்போது திரவத்துக்குப் பின்னால் வழிந்து இறங்க நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். 1942இல் லாண்டா, லெவிச் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதற்குக் கணிதம் எழுதினார்கள்: ஈரப் படலத்தின் தடிமன், இழுக்கும் வேகத்தின் மூன்றில் இரண்டு அடுக்கோடு ஏறும். வேகத்தை இரட்டித்தால் தடிமன் சுமார் 1.6 மடங்கு. அதிலிருந்து காய்ந்த தடிமன் எவ்வளவு என்பது ரெசிஸ்டில் திடப்பொருள் எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்தது. கன அளவில் 20 சதவீதம் என்றால் 25 மைக்ரான் ஈரப் படலம் காய்ந்து 5 மைக்ரானாகும்.

இந்த முறையில் கை உதவாது. கை நடுங்கும் ஒவ்வொரு நொடியும் போர்டில் குறுக்குக் கோடாகப் பதியும். கியர் போட்ட மெதுவான மோட்டாரில் நூல் கட்டி இழுக்க வேண்டும், பாத்திரம் அதிராத இடத்தில் இருக்க வேண்டும். கீழ் விளிம்பில் ஒரு துளி தேங்கித் தடித்துப்போவதைத் தவிர்க்க முடியாது. அதனால் போர்டை ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டிக்கொண்டு, அந்தப் பட்டையைக் கடைசியில் நறுக்கிவிடுவதே புத்திசாலித்தனம். இரண்டு பக்கமும் ஒரே தடவையில் பூச்சு கிடைப்பது இதன் பெரிய வசதி. பாத்திரம் நிறைய ரெசிஸ்ட் வேண்டும் என்பதும், திறந்திருக்கும் நேரமெல்லாம் கரைப்பான் ஆவியாகிக் குழம்பு கெட்டியாகிக்கொண்டே போவதும் இதன் தொல்லை. போன மாதம் சரியாக வந்த வேகம் இந்த மாதம் தடித்த பூச்சைத் தருவது அதனால்தான்.

நெகட்டிவ் பேஸ்ட்டில் கதை வேறு. கரைப்பான் இல்லாத வகைகளில் போர்டின் நடுவில் ஒரு துளி விட்டு, மேலே மெல்லிய பாலியெஸ்டர் தாளைப் போர்த்தி, ரோலராலோ ஸ்குவீஜி என்ற ரப்பர் பட்டையாலோ தேய்த்துப் பரப்பி, ஈரமாக இருக்கும்போதே தாளோடு சேர்த்து யுவியில் காட்டிவிடலாம். தாளே ஆக்சிஜனையும் தடுத்துவிடுகிறது. காயவைக்கும் படியே கிடையாது. ஆகவே காயும்போது வரும் கோளாறுகளும் கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இதைத்தான் கைகாட்டுவேன். விலை கொடுக்க வேண்டியது கோட்டின் கூர்மையில்: மாஸ்க்குக்கும் ரெசிஸ்டுக்கும் நடுவில் அந்தத் தாளின் தடிமன் நிற்கிறது. மெல்லிய தாளாகத் தேர்ந்தெடுத்தால் இழப்பு குறையும். கரைப்பான் கலந்த பேஸ்ட்டுகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அவற்றைத் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவைத்த பிறகே மாஸ்க்கை வைக்க முடியும்.

கரைப்பான் கிளம்பும் அரை மணி நேரம்

ஈரப் பூச்சு முதலில் வற்றுவது விளிம்பில். அங்கே காற்று இரண்டு பக்கமும் படுகிறது. விளிம்பில் கரைப்பான் குறையும்போது நடுவில் இருக்கும் திரவம் அந்தப் பக்கம் இழுபடும், தன்னோடு பிசினையும் கொண்டுபோகும். காய்ந்து முடிந்ததும் போர்டைச் சுற்றி ஒரு வரப்பு நிற்கும். இழுபறி எவ்வளவு வேகமாக நடக்கிறதோ அவ்வளவு மேடு. அசிட்டோன் போல நொடியில் பறக்கும் தின்னரைக் கலந்தால் வரப்பும் ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளிகளும் அதிகமாவது இதனால். 146 டிகிரியில் கொதிக்கும் பிஜிஎம்இஏ போன்ற மந்தமான கரைப்பான்களை ரெசிஸ்ட் தயாரிப்பவர்கள் விரும்புவதும் இதனால்தான். பூச்சு மட்டமாக அவை அவகாசம் கொடுக்கின்றன.

ஆகவே பூசியதும் போர்டை நேரே ஓவனுக்குக் கொண்டுபோகக் கூடாது. மட்டம் பார்த்த தளத்தில் வைத்து, ஒரு பெட்டியை ஓரத்தில் சிறு இடைவெளியோடு கவிழ்த்து, பத்து நிமிடம்போல விட்டுவிட வேண்டும். பெட்டிக்குள் கரைப்பானின் ஆவி தேங்குவதால் காய்வது மெதுவாகும். தூசியும் விழாது. மின்விசிறி ஓடும் அறையில் இது நடக்காது. தளம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வு அப்படியே தடிமனில் எழுதப்பட்டுவிடும்.

அப்புறம் சூடு. பாசிட்டிவ் ஸ்பிரேவுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 70 டிகிரி, 15 முதல் 20 நிமிடம். அங்கே ஏறும் விதம் முக்கியம். முன்பே சூடாக இருக்கும் ஓவனில் வைத்தால், திறந்து வைத்த பெயின்ட் டப்பாவில் ஏடு படிவதுபோல மேற்பரப்பு மட்டும் மூடிக்கொள்ளும். அடியில் சிக்கிய கரைப்பான் பின்னால் குமிழாகக் கிளம்பும், அல்லது அங்கேயே தங்கிவிடும். குளிர்ந்த ஓவனில் வைத்து மெல்ல ஏற்றுவது நல்லது. அடியிலிருந்து சூடு கொடுக்கும் தட்டு கிடைத்தால் இன்னும் மேல். செம்பின் பக்கம் முதலில் சூடாகி கரைப்பானை மேலே தள்ளும், மேற்பரப்பு கடைசிவரை திறந்திருக்கும். ஓவனின் குமிழியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். போர்டின் மேலேயே ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 20, 30 டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம். 100 டிகிரியைத் தாண்டிச் சற்று நேரம் நின்றாலே டிஎன்கியூ சூட்டால் சிதையத் தொடங்கும். பிறகு எந்த ஒளியும் அதை மாற்றாது.

காய்ந்தது போதவில்லை என்றால் எப்படித் தெரியும்? மாஸ்க் ஃபிலிம் பூச்சில் லேசாக ஒட்டிக்கொள்ளும். டெவலப்பரில் ஒளி படாத கோடுகளும் சேர்ந்து கரையும். கூடுதலாகக் காய்ந்துவிட்டால் எதிர்மாறாக எதுவுமே கரையாது. இந்த இரண்டாவது நிலையைத்தான் பலர் "ஒளி போதவில்லை" என்று படிக்கிறார்கள்.

இந்தக் கரைப்பான்கள் எல்லாம் தீப்பிடிக்கக்கூடியவை. திறந்த ஜுவாலை, தீப்பொறி வரும் ஹீட்டர், சமையல் செய்யும் ஓவன் மூன்றும் இதற்கு ஆகாது. காற்றோட்டமும் கரிம ஆவிக்கான முகக்கவசமும் கட்டாயம்.

பூச்சு சொல்லும் செய்தி

எக்ஸ்போஷர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டிஎன்கியூவுக்கு 350 முதல் 430 நானோமீட்டர்வரை ஒளி வேலை செய்யும். 365, 395, 405 எல்இடிகள் எல்லாமே சரி. மாஸ்க்கின் மை பட்ட பக்கம் ரெசிஸ்டைத் தொட வேண்டும். ஃபிலிமைத் திருப்பி வைத்தால் 100 மைக்ரான் பிளாஸ்டிக் நடுவில் வரும். 30 டிகிரி சாய்ந்து வரும் ஒளி அதற்குள் ஒளிவிலகிக் கோட்டுக்கு அடியில் ஒவ்வொரு பக்கமும் 35 மைக்ரான்போல நுழைந்துவிடும். நேரத்தை ஒரு துண்டு போர்டில் படிப்படியாக மூடித் திறந்து சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். அந்தத் துண்டும் அதே நாளில், அதே முறையில் பூசியதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வேலை முழுவதும் மஞ்சள் விளக்கில் நடக்கட்டும்.

டெவலப்பர் தட்டில் போர்டை இறக்கியதும் கவனித்துப் பார்ப்பது பலன் தரும். முதல் பத்து இருபது நொடியில் ஒளி பட்ட இடங்களிலிருந்து சாயம் இழை இழையாகப் பிரிந்து தண்ணீரில் கிளம்பும். தட்டை மெல்ல ஆட்டினால் அடியில் செம்பு இளஞ்சிவப்பாகத் திறக்கும். எந்த இடம் முதலில் திறக்கிறது, எது கடைசிவரை மங்கலாக நிற்கிறது என்று பார்த்தால் அது அப்படியே பூச்சின் தடிமன் வரைபடம். நடு திறந்து நாலு ஓரமும் அடம்பிடித்தால் விளிம்பு வரப்பு. ஒரு பக்கம் மட்டும் தாமதித்தால் தளம் சாய்ந்திருந்தது. குறுக்குப் பட்டைகள் என்றால் முக்கி எடுத்தபோது அதிர்வு. கோடுகள் கரையாமல் செதிலாக உரிந்து மிதந்தால் ரெசிஸ்ட் நன்றாகத்தான் இருக்கிறது, செம்பு சுத்தமில்லை.

திறந்த செம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் மிஞ்சியிருக்கிறதா என்று தெரிய ஒரு குறுக்குவழி உண்டு. கழுவிய போர்டை ஃபெர்ரிக் குளோரைடில் பத்து நொடி முக்கி எடுத்துக் கழுவினால் உண்மையிலேயே திறந்திருக்கும் செம்பு உடனே பளபளப்பு இழந்து மங்கிவிடும். படலம் இருக்கும் இடம் மட்டும் பழைய பளபளப்போடு மின்னும். அப்படி மின்னினால் மறுபடி டெவலப்பரில் சில நொடிகள் காட்டலாம், போர்டு வீணாகாது.

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில்தான் மெல்லப் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கலக்கிய கரைசல் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை இழுத்து மெல்ல மெல்லக் கார்பனேட்டாக மாறி வலுவிழக்கும் என்பதால் அவ்வப்போது புதிதாகக் கலப்பதே கணக்குக்கு ஒத்துவரும். செம்பு கரைந்த எட்சிங் கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. நீர்வாழ் உயிர்களுக்குச் செம்பு கடும் நஞ்சு.

இத்தனை பாடு பட்டுத் திரவ ரெசிஸ்ட் எதற்கு என்று கேட்டால், ஒரு சாதாரண தட்டை போர்டுக்கு அவசியமே இல்லை என்பேன். ட்ரை ஃபிலிமோ முன்பே பூச்சு போட்டு வரும் போர்டோ சுலபம். முலாம் போட்ட துளைகள் இருந்தால் ட்ரை ஃபிலிம் அவற்றின் மேல் கூடாரம்போல் மூடிக் காக்கும். திரவம் உள்ளே ஒழுகிவிடும் அல்லது துளை ஓரத்தில் திரண்டு நிற்கும். திரவத்தோடு வேலை செய்கிறவர்கள் எட்சிங் முடித்த பிறகே துளை போடுவது அதனால்தான். ஃபிலிம் ஒட்டவே முடியாத இடங்களில் திரவத்துக்குப் போட்டி இல்லை: வளைந்த உலோகம், குழாயின் மேல் வரையும் ஆன்டெனா, ரோலர் அழுத்தத்தில் கசங்கிவிடும் மெல்லிய தகடு. மிக நுணுக்கமான கோடுகளுக்கும் அப்படித்தான். ட்ரை ஃபிலிம்கள் பொதுவாக 30 முதல் 40 மைக்ரான் தடிமன் கொண்டவை. ஐந்து மைக்ரான் பூச்சுக்குள் ஒளி பக்கவாட்டில் சிதற இடம் குறைவு. ஆனால் எட்சிங் கீழே போகும் அளவுக்குப் பக்கவாட்டிலும் ஏறத்தாழ அரிக்கும் என்பதால், 35 மைக்ரான் செம்பை வைத்துக்கொண்டு அந்த நுணுக்கத்தை முழுதாக அறுவடை செய்ய முடியாது. மெல்லிய செம்பு போட்ட போர்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மிஞ்சிய ரெசிஸ்டை இருட்டில், குளிர்ச்சியான இடத்தில் வைக்கலாம். டிஎன்கியூ இருட்டிலும் மெதுவாகச் சிதைந்து நைட்ரஜனை விட்டுக்கொண்டே இருக்கும். நெடுநாள் மூடிக்கிடந்த பாட்டிலை முகத்துக்கு நேரே பிடிக்காமல், மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித் திறக்க வேண்டும்.